முதுமலைப் பயணமும் கூடலூர்ச் சிலோன்காரரும்

இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில் உள்ள முதுமலைப் புலிகள் காப்பகம். எங்கள் குடும்பம் அங்கே சஃபாரி போகத் திட்டமிட்டிருக்கிறது. விமானச்சீட்டு, விடுதி, வாகனம் என்று விசாரிக்கத் தொடங்கியவன், விசாரித்துக்கொண்டே போய் இலங்கையின் பழைய சரித்திரம் ஒன்றில் முட்டி நின்றேன். ஒஸ்லோவில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. பெரியவர்களில் பலர் தெரிந்தும் மறந்துவிட்டோம். பயணத்துக்கு வேண்டிய நடைமுறைத் தகவல்களையும் அந்தச் சரித்திரத்தையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். முதுமலையில் இரண்டையும் பிரிக்க முடியாது.

காடு பார்க்க இந்தியாவுக்கு ஏன் போக வேண்டும், எங்களுக்கு வில்பத்து இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். யாலவும் வில்பத்துவும் 1938இலேயே தேசியப் பூங்காக்கள் ஆனவை. போர்க்காலத்தில் நீண்ட காலம் மூடிக் கிடந்த வில்பத்து 2003இல் திறக்கப்பட்டு, மறுபடியும் மூடப்பட்டு, 2010இல் திரும்பத் திறக்கப்பட்டது. ஆனால் என் மகளுக்கு வேண்டியது புலி, வரி போட்ட உண்மையான வேங்கை. இலங்கைக் காடுகளில் இருப்பது சிறுத்தை மட்டுமே. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புலியும் வாழ்ந்ததற்கு இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் கிடைத்த எலும்புகள் சாட்சி. எலும்பைக் காட்டிப் பதினான்கு வயதுப் பிள்ளையைச் சமாதானப்படுத்த முடியாது.

வீட்டில் எதிர்ப்பும் இருந்தது. வன்னியில் இடம்பெயர்ந்து மரத்தடிகளில் படுத்தெழும்பிய என் அம்மா, "காட்டுக்க கிடந்தது காணாதே? இனிக் காசு குடுத்தும் போகோணுமோ?" என்று ஒரே கேள்வியில் கதையை முடிக்கப் பார்த்தார். காட்டை அழகுக்காகப் பார்ப்பது எங்கள் தலைமுறைக்குப் பிந்திய பழக்கம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கடைசியில், ஊட்டி வரைக்கும் தானும் வருவதாகவும் ஜீப்பில் ஏறமாட்டேன் என்றும் இறங்கி வந்திருக்கிறார்.

எந்த மாதம் போவது என்பதுதான் அடுத்த சிக்கல். நோர்வேயின் ஜூலை விடுமுறை அங்கே தென்மேற்குப் பருவமழைக் காலம். கூடலூர்ப் பக்கம் மழை கொட்டும், அட்டையும் இருக்கும். இந்தக் காட்டில் வியப்பான விடயம் என்னவென்றால், மேற்கே கூடலூர் எல்லையில் நெடிய மரங்களோடு ஈரமாக இருப்பது, கிழக்கே மசினகுடி, சீகூர் பக்கம் போகப் போக வறண்டு முட்புதர்க் காடாகிவிடுகிறது. இடைத்தூரம் ஒரு மணி நேர வாகன ஓட்டம்கூட இல்லை. ஒஸ்லோப் பாடசாலைகளின் பெப்ரவரி விடுமுறையில் போனால் நீர்நிலைகளில் விலங்குகள் கூடும், ஆனால் அது காட்டுத்தீக் காலத்தின் தொடக்கம். 2019 பெப்ரவரியில் பக்கத்துப் பண்டிப்பூரில் பெருந்தீ பரவியது. தீயபாயம் கூடும்போது சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். ஆகவே நத்தார் விடுமுறை என்று முடிவெடுத்தோம். புல் உயர்ந்திருக்கும், கூட்டம் இருக்கும், ஊட்டியில் இரவு உறைபனி விழலாம். ஒஸ்லோக்காரருக்கு உறைபனி ஒரு பொருட்டா?

இனிக் காட்டின் கதைக்கு வருகிறேன். முதுமலை என்றால் பழைய மலை. அந்தப் பெயரைக் கேட்டதும், மனிதக் கை படாத ஆதிக் காடு என்ற எண்ணம் வருவது இயல்பு. பயண முகவர்களின் விளம்பரங்களும் அப்படித்தான் சொல்லுகின்றன. உண்மை வேறு. இந்தக் காடு நிலம்பூர் கோவிலகத்தாருக்குச் சொந்தமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை அரசாங்கம் தேக்கு மரத்துக்காக அதைக் குத்தகைக்கு எடுத்தது. வெட்டிய மரங்களை இழுக்க யானைகளைப் பழக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்க்கப் போகும் தெப்பக்காடு முகாம், அந்தக் கூப்பு வேலையின் மிச்சம். மரவெட்டு நின்ற பின் அந்த யானைகள் காவல் வேலைக்கும், ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பும் கும்கி வேலைக்கும் மாறின.

வேட்டைக் கதையும் உண்டு. ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர் கண்டபடி சுட்டுத் தள்ளியதில் விலங்குகள் குறைந்தன. உடனே, சுடுவதற்கு மிச்சம் இருக்க வேண்டுமே என்ற கவலையில், 1877இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை அமைத்தார்கள். 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. பாதுகாப்பு என்ற சொல் அங்கே துப்பாக்கிக்காரரின் வாயிலிருந்துதான் முதலில் புறப்பட்டது. நோர்வேயில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கணக்குப் பார்த்து எல்க் வேட்டை நடப்பதை அறிந்த எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல. ஒரு வேறுபாடு: நீலகிரியில் வேட்டை உரிமத்தை எழுதியவர்கள் அந்த மலையின் மனிதர்கள் அல்லர்.

1882இல் சென்னை வனச்சட்டம் வந்தது. "ரிசேர்வ் ஃபொரஸ்ட்" என்ற சொல் சட்டமாக நிலைத்தது அப்போதுதான். தமிழ்நாட்டில் காப்புக்காடு என்பார்கள். அதுவரை தேனும் கிழங்கும் எடுத்து, மாடு மேய்த்து வாழ்ந்த காட்டில், இனி அரசாங்கம் அனுமதித்தால்தான் கால் வைக்கலாம் என்பது அதன் பொருள். எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். 1957ஆம் ஆண்டின் வெளிப்புறச் சட்டம் தந்த உரிமையோடு நூர்மார்க்காவில் நினைத்த இடத்தில் நடந்து, நீலப்பழம் பறித்து, கூடாரம் அடித்து வளர்ந்தவர்கள் அவர்கள். முதுமலையில் வாகனத்தை விட்டு ஓர் அடி இறங்கினாலும் குற்றம்.

1940இல் முதுமலை சரணாலயமானது. தென்னிந்தியாவின் முதல் வனவிலங்குச் சரணாலயம் என்று அதைச் சொல்லுவார்கள். அப்போது 60 சதுர கிலோமீற்றர் அளவுதான். இன்று காப்பகத்தின் மையப்பகுதி 321 சதுர கிலோமீற்றர், சுற்றுப்பகுதியோடு 688 சதுர கிலோமீற்றருக்கு மேல். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் புலிகள் திட்டமும் வந்தன. அத்திட்டத்தின் முதல் ஒன்பது காப்பகங்களில் பண்டிப்பூர் ஒன்று. முதுமலையோ 2007இல்தான் புலிகள் காப்பகமாயிற்று. 2006ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியா முழுவதும் 1,411 புலிகள் என்று வந்த எண்ணிக்கை, 2022 மதிப்பீட்டில் 3,682 ஆயிற்று. புலிக்கு நல்ல காலம் என்பதில் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் ஒரு தமிழரைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). முதுமலை யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பதிந்து, 1950 முதல் இறக்கும் வரை கல்கத்தாவின் "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதியவர். தமிழிலும் எழுதினார். பிள்ளைகளின் கையில் ஜிம் கோர்பெட் புத்தகத்தைக் கொடுக்கும் நாங்கள் இவரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லிவைக்கலாம்.

காட்டுக்குள் இருந்த மனிதர்கள் யார் என்றால் காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், இருளர், செட்டிமார். 2023இல் ஒஸ்கார் விருது பெற்ற யானைக்குட்டி ஆவணப்படத்தில் பொம்மனையும் பெள்ளியையும் கண்டிருப்பீர்கள். தெப்பக்காட்டு முகாமில் தாயற்ற குட்டியை வளர்த்த அந்த இருவரும் காட்டுநாயக்கர். படத்துக்கு உலகம் கைதட்டியது. அதே காலப்பகுதியில், காப்பகத்தின் உள்ளே பென்னை, நெல்லிக்கரை முதலிய ஊர்களில் இருந்த மக்களுக்குக் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்ற திட்டத்தில் அய்யன்கொல்லிப் பக்கம் இடம் கொடுத்து வெளியேற்றினார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிட்ட வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் இடம்பெயர்வு, மீள்குடியேற்றம் என்ற சொற்களை நாங்கள் காது கொடுத்துக் கேட்கும் விதமே வேறு. அரசாங்கப் பத்திரங்களில் அச்சொற்கள் எவ்வளவு சுத்தமாக நிற்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இனி நான் முட்டி நின்ற இடத்துக்கு வருகிறேன். பயணப்படத்தை விரித்து, தெப்பக்காட்டிலிருந்து மேற்கே கூடலூர், பந்தலூர் என்று விரலை நகர்த்தியபோது கொளப்பள்ளி என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் சிறுவனாகக் கிளிநொச்சியில் கேட்டிருக்கிறேன். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் படித்தார்கள். அவர்களில் ஒருவனின் பெரியப்பா குடும்பம் "சாஸ்திரி கணக்கில்" இந்தியா போயிருந்தது. அங்கிருந்து வரும் நீலநிறக் கடிதத்தை அவன் பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டுவான். அனுப்புநர் முகவரியில் கொளப்பள்ளி என்று இருக்கும். அது எங்கே என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சாஸ்திரி கணக்கு என்ன என்று இளையவர்களுக்காகச் சொல்லுகிறேன். 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மலையகத் தமிழரில் ஏழு லட்சம் பேர் வரை குடியுரிமையும் வாக்கும் இழந்தார்கள். தமிழ் காங்கிரஸ் பிளந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கு இந்தப் பிரச்சினையும் ஒரு காரணம். பிறகு 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி, சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்பது ஏற்பாடு. 1974இல் இந்திரா காந்தியோடு பேசி அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். தேயிலைப் பெட்டி பிரிப்பது போலத்தான். யாரைப் பிரித்தார்களோ அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும்போது தடுத்து வைத்துச் சோதித்த அதே மண்டபம். 1983க்குப் பின் எங்கள் உறவினர்கள் பலரும் அகதிகளாக முதலில் மிதித்த மண்ணும் அதுதான். 1984இல் கப்பல் நின்றது. அதற்குள் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை வேண்டுமே என்று, 1968இல் தமிழ்நாட்டு வனத்துறை நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. 1970களில் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. மக்கள் டான்டீ என்பார்கள். சேரம்பாடி, பாண்டியாறு, கொளப்பள்ளி, கோத்தகிரி, குன்னூர், வால்பாறை என்று அதன் தோட்டங்கள் பரந்தன.

கவனியுங்கள், தேயிலையை நட்டது வனத்துறை, நட்ட இடம் காடு. யானைகள் காலங்காலமாக நடந்த வழிகளில் சரிவுகளைத் துப்புரவாக்கி, அங்கேயே லயன் வீடுகளையும் கட்டினார்கள். ஊர்க்காரர் இவர்களைச் "சிலோன்காரர்" என்றார்கள். இலங்கையில் இந்தியாக்காரர், இந்தியாவில் சிலோன்காரர். இன்று கூடலூர், பந்தலூர் பக்கம் காட்டு யானையால் ஆள் இறந்தார் என்று செய்தி வரும்போது, இறந்தவர் விடிகாலையில் வேலைக்குப் போன ஒரு தோட்டத் தொழிலாளியாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. யானையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த மனிதரையும் சொல்ல முடியாது. பாதையின் நடுவில் வீட்டைக் கொண்டுபோய் வைத்தவர்கள் வேறு ஆட்கள். காட்டுநாயக்கரையும் பணியரையும் கேட்டால் அவர்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கும். ஜமீன், தோட்டக் கம்பனி, கேரளத்திலிருந்து வந்த குடியேறிகள், வனத்துறை, கடைசியாகச் சிலோன்காரர் என்று அவர்கள் நிலம் வருடத்துக்கு வருடம் சுருங்கியது.

தோட்ட வேலை கிடைக்காத பலர் கூடலூரில் கண்ட நிலத்தில் குடிசை போட்டார்கள். அங்கே நிலவுரிமை நிலம்பூர் கோவிலகக் காலத்திலிருந்தே சிக்கல். 1969இல் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தும் வழக்குகள் தீரவில்லை. பட்டா இல்லாமல் பல ஆயிரம் குடும்பங்கள் வாழ்ந்தன. நாடற்றவர் என்ற பெயரிலிருந்து தப்பிப் பட்டா அற்றவர் என்ற பெயருக்கு வந்தார்கள். 2022 ஒக்ரோபரில், நட்டத்தில் ஓடிய டான்டீயின் 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தைத் திரும்ப வனத்துறைக்கே கொடுக்க அரசாங்கம் ஆணையிட்டது. யானைக்கு அது நல்ல செய்தி. ஓய்வு பெற்றதும் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள், தங்களை எங்கே அனுப்பப் போகிறார்கள் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்களின் தாத்தாமார் இலங்கை லயன்களில் கேட்ட அதே கேள்வி.

நான் இதை மகளுக்குச் சொன்னபோது, அவர்களைப் பார்க்கப் போவோமா என்று கேட்டாள். போவோம், ஆனால் ஜீப்பில் ஏறி மனிதரைப் பார்க்கும் இரண்டாவது சஃபாரியாக அது ஆகிவிடக்கூடாது என்றேன். லயன்களுக்குள் கமராவோடு நுழைய மாட்டோம். கடைத்தெருவில் இறங்கித் தேநீர் குடிப்போம், டான்டீத் தேயிலை வாங்குவோம், பேச விரும்புகிறவர்களோடு பேசுவோம். எங்கள் தமிழைக் கேட்டதும் எங்கிருந்து வருகிறீர்கள் என்று அவர்களே கேட்பார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. என்னோடு படித்தவனின் குடும்பத்தைக் கண்டுபிடிப்பேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அவனே 2009க்குப் பின் எங்கே என்று தெரியாது.

மிச்ச ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இறங்கி மைசூர், பண்டிப்பூர் வழியாகத் தெப்பக்காடு வரலாம். அல்லது கோயம்புத்தூர் வழியாக ஊட்டி ஏறி, மலைப்பாதை வளைவுகளில் இறங்கி வரலாம். அம்மாவின் தலைச்சுற்றைக் கருதி நாங்கள் மைசூர் வழியைப் பிடிக்கிறோம். திரும்பும்போது கூடலூர் வழியாக ஊட்டி. 2024 மே முதல் நீலகிரிக்குள் வாகனம் நுழைய இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. புறப்படும் முன் அப்போதைய விதியைச் சாரதியிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலுக்குத் தடை உண்டு. வீட்டிலிருந்தே எஃகுப் போத்தல் கொண்டுபோங்கள்.

விடுதியில் கவனம் தேவை. சீகூர்ப் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய தனியார் விடுதிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் தீர்ப்புக் கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2020 ஒக்ரோபரில் அதை உறுதி செய்தது. விளம்பரத்தில் "யானை முற்றத்துக்கு வரும்" என்று போட்டிருந்தால், முற்றம் யாருடையது என்று யோசியுங்கள். நாங்கள் தெப்பக்காட்டில் வனத்துறையின் தங்குமிடத்துக்கே விண்ணப்பிக்கிறோம். சஃபாரியும் காலையிலும் மாலையிலும் வனத்துறை வாகனத்தில்தான். இரவுச் சஃபாரி என்று யாராவது வீதியில் கூப்பிட்டால் அது சட்டவிரோதம்.

புலியைக் காண்பது அதிர்ஷ்டம். உண்ணிச்செடி எங்கும் அடர்ந்து பார்வையை மறைக்கிறது. பூவழகுக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்த செடி. இன்று காட்டையே விழுங்குகிறது. கூடலூர்ப் பழங்குடிகள் அதை வெட்டி, தண்டுகளை வளைத்து, உயிர்ப்பருமனில் யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். 2021இல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன.

எங்கள் திட்டத்தில் முதல் இரு நாள்கள் தெப்பக்காடு, நான்கு சஃபாரி. மூன்றாம் நாள் காலை கூடலூர், பந்தலூர், கொளப்பள்ளி. அன்று இரவும் தங்குவது தெப்பக்காட்டில் என்பதால், தொரப்பள்ளிச் சோதனைச்சாவடியை இரவு ஒன்பது மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும். ஒன்பது முதல் காலை ஆறு வரை அந்த வீதி விலங்குகளுக்கு.